கட்டோங்கோவின் வேலையை அடக்கம் செய்த கதை

சுரங்கம் மூடப்படவில்லை. யாரைப் பார்த்தாலும் கட்டோங்கோ இதைத்தான் முதலில் சொல்வார். மூடுவது வேறு, பராமரிப்பில் வைப்பது வேறு. கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பு தெளிவாகவே சொன்னது: சுரங்கம் பராமரிப்பில் வைக்கப்படுகிறது, மறு அறிவிப்பு வரும்வரை தொழிலாளர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். வேலையைவிட்டு நீக்கினோம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்து, இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அவர் அன்று வீட்டுக்கே வந்தார்.

அந்தத் தாள் வெயிலில் மஞ்சளானது. மழையில் ஊறிப் பாதி கிழிந்தது. மிச்சத்தை ஓர் ஆடு தின்றது. அப்போதும் அவர் மனம் மாறவில்லை. ஆடு தின்றால் அறிவிப்பு ரத்தாகிவிடுமா?

கட்டோங்கோ அங்கே சேஃப்டி ஆபீசராக இருந்தார். ஷிஃப்ட் தொடங்கும் முன்பு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டுக்கு எதிரே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, எப்படிச் சாகாமல் இருப்பது என்று பேசுவது அவர் வேலை. பாறை விழும், கம்பி விழும், நீர் புகும், வாயு கசியும். தலையில் விழக்கூடிய அத்தனையையும் பற்றி வருஷக்கணக்கில் பேசினார். கடைசியில் எல்லோர் தலையிலும் ஒரே நாளில் விழுந்தது அவர் பேச்சில் இடம்பெறாத ஒன்று.

தினமும் காலையில் எழுந்து, இரும்பு முனை வைத்த பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெள்ளை ஹெல்மெட்டைத் தலையில் வைத்துச் சுரங்க கேட்டுக்குப் போவார். ஹெல்மெட்டின் நிறம் முக்கியம். மஞ்சள் போட்டவர்கள் வேலை செய்வார்கள். வெள்ளை போட்டவர்கள் எப்படிச் செய்வது என்று சொல்வார்கள். கேட்டுக்கு எதிரே ஒரு மாமரம். அதனடியில் ஆரம்பத்தில் பெரிய கூட்டம் உட்கார்ந்தது. மாதங்கள் போகப் போக ஒருவர் கரி மூட்டை ஏற்றப் போனார், ஒருவர் கித்வே நகரத்தில் மினிபஸ்ஸுக்கு ஆள் கூப்பிடப் போனார், ஒருவர் திருச்சபை தொடங்கினார். மரத்தடியில் கட்டோங்கோ மிஞ்சினார். கேட்டுக்கு உள்ளே காவல்காரர். அந்தச் சுரங்கத்தில் வேலை போகாத ஒரே ஆள் அவர்தான். வேலை போனவர்கள் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"இன்னிக்கும் ஒண்ணும் இல்ல சார்" என்பார் காவல்காரர்.

"சரி. உங்க பூட்ஸ் கயிறு அவுந்திருக்கு. கட்டுங்க" என்பார் கட்டோங்கோ. அதோடு அன்றைய வேலை முடியும்.

மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான். சேஃப்டி ஆபீசர் ஒருவர் பகல் முழுக்க வீட்டில் இருப்பது என்றால் என்ன என்பதை அவர் மனைவி மேவிஸிடம்தான் கேட்க வேண்டும். கரி அடுப்பைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் செருப்பில்லாமல் வரக்கூடாது. களி கிண்டும்போது பேசக்கூடாது. கத்தியை ஒருவரிடம் கொடுக்கும்போது கொடுப்பவர் "கத்தி" என்று சொல்ல வேண்டும், வாங்குபவர் "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டே பேர். ஒரே மகள் கசுபா கல்யாணமாகி நிடோலாவில் இருந்தாள்.

"வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லாத வீட்டுல கத்திக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?" என்றாள் மேவிஸ் ஒருநாள். அந்த வாரம் முழுக்கப் பூசணிக்கீரைதான், அதுவும் ஒருவேளை.

அவர் சட்டைப்பையில் ஒரு பித்தளை வில்லை இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை ஒன்று உண்டு. தலைவிளக்கு கொடுத்து வாங்கும் விளக்கு அறைப் பலகையில் ஆணிகள் வரிசையாக இருக்கும். உள்ளே போகிறவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவான். ஏறி வந்ததும் தன் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஷிஃப்ட் முடிவில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அப்போது சங்கு ஊதும். அந்தச் சங்கைக் கேட்டுக் காலனிப் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு ஓடுவார்கள். கடைசி நாளன்று கட்டோங்கோ மேலே வந்தபோது விளக்கு அறையைப் பூட்டிவிட்டிருந்தார்கள். வில்லையை மாட்ட வழியில்லை. அதனால் பலகையின் கணக்குப்படி அவர் இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தார். அவருக்காக யாரும் சங்கு ஊதவில்லை.

ஒரு வியாழக்கிழமை லோம்பே அம்மா வீட்டுக்கு வந்தாள். மார்க்கெட்டில் அவளுக்கு ஒரு சோளமாவு மில் உண்டு. கணவர் செத்தபோது விட்டுப்போனது. போன மாதம் அந்த மில்லின் பெல்ட், வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துவிட்டது. பெண்ணுக்குக் காயமில்லை; துணி போனது, மானமும் கொஞ்சம் போனது. அதிலிருந்து பெண்கள் மூன்றாவது தெரு மில்லுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

"மில்லை ஓட்ட ஆள் இருக்கான் கசுபா அப்பா" என்றாள். "ஓடற மில்லுகிட்ட இருந்து பொம்பளைங்களைத் தள்ளி நிறுத்தத்தான் ஆள் இல்ல. நீங்க கத்துனா கேப்பாங்க. ஊர்லயே கத்தறதுக்குப் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான்."

"நான் வேலையில இருக்கேன் லோம்பே அம்மா."

"எங்க?"

"சுரங்கத்துல. இப்போ விடுவிச்சிருக்காங்க."

லோம்பே அம்மா மேவிஸைப் பார்த்தாள். மேவிஸ் கூரையைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன்" என்று எழுந்தாள் லோம்பே அம்மா. "அப்புறம் என் தங்கச்சி மகனைப் போட்டுடுவேன். அவனுக்குக் காது கேக்காது. ஆனா வான்னா வருவான்."

அவள் போனதும் மேவிஸ் அடுப்படிக்குப் போனாள். சட்டிக்குள் எதுவும் இல்லாமலே சட்டியை மூடினாள். அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

மறுநாள் சாயங்காலம் ஜெரே வந்தார். சுரங்கத்துக்குள் தாது வண்டிகளை இழுக்கும் லோகோ ஓட்டியவர். அதே நாளில் வேலை போனவர். மறு வாரமே மார்க்கெட்டில் தார்ப்பாய் விரித்துப் பழைய துணி மூட்டை பிரித்து விற்க உட்கார்ந்துவிட்டார். கட்டோங்கோ பெம்பா இனம், ஜெரே அங்கோனி இனம். இரண்டு கூட்டத்தாரும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். வெட்டிக் களைத்த பிறகு, இனிமேல் வாயால் மட்டும் வெட்டிக்கொள்வது என்று ஆகிவிட்டது. அதனால் எந்தப் பெம்பாவுக்கும் எந்த அங்கோனியும் மச்சான் முறை. இவர்களை அவர்கள் குரங்கு தின்னி என்பார்கள், அவர்களை இவர்கள் எலி தின்னி என்பார்கள்; என்ன சொன்னாலும் கோபிக்கக்கூடாது, கோபித்தால் தெண்டம். சாவு வீட்டில் இந்த உரிமைக்கு அளவே இல்லை. அழுகிறவர்களைப் போல அழுது காட்டலாம், சவப்பெட்டியை மறிக்கலாம், வெட்டிய குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு, கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம் பிடிக்கலாம்.

இந்த மச்சான்மாரில் ஜெரே தனி ரகம். சுரங்கத்தில் கட்டோங்கோவை மிகவும் வாட்டியவரும் அவர்தான். தூசி பறக்கும் இடத்திலும் மாஸ்க் போடமாட்டார். புகார் எழுதிக் கொடுத்தாயிற்று, அபராதம் போட்டாயிற்று. "மாஸ்க் போட்டா ஜோக்கு வெளிய வராது மச்சான், உள்ளயே செத்துடும்" என்பார். சொல்லிவிட்டு இருமுவார்.

அன்றும் இருமிக்கொண்டேதான் வந்தார்.

"என்ன மச்சான், இன்னும் மரத்தடியிலதானா? குரங்கு தின்னு தின்னு மரத்தை விட்டு எறங்கவே மாட்டேங்கற."

"எலி திங்கறவன் வந்துட்டான். மேவிஸ், அரிசிப்பானையை மூடு."

"மூடறதுக்கு அதுல அரிசி இருந்தாத்தானே எனக்கு அவமானம்" என்றார் ஜெரே. ஒரு முக்காலியை இழுத்து, வேண்டுமென்றே சுண்ணாம்பு வட்டத்துக்குள் போட்டு உட்கார்ந்தார். "பூட்ஸைக் குடு. நல்ல விலைக்குத் தள்ளிவிடறேன்."

"வேலைக்குப் போறப்போ என்ன போட்டுக்கறது?"

"எந்த வேலைக்கு? மச்சான், அது செத்துப்போச்சு."

"பராமரிப்புல இருக்கு."

"எங்க பெரியப்பாவையும் ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னாங்க. நல்ல பராமரிப்புல இருக்கார்னாங்க. சாயங்காலம் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போனோம். சாப்பாட்டை வாங்கிக்கிட்டுப் பெரியப்பாவைக் குடுத்தாங்க."

கட்டோங்கோ சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். "இது என் கையில இருக்கற வரைக்கும் நான் உள்ள இருக்கேன். ஆணியில மாட்டாம எவனும் வீட்டுக்குப் போனதில்ல. உன் வில்லை எங்க?"

"அதை எங்கயோ போட்டுட்டேன்" என்றார் ஜெரே. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு எழுந்தார். "சரி. செத்தது யாருன்னு வீட்டுக்காரனுக்கே தெரியலன்னா மச்சான்தான் சொல்லணும். அது என் கடமை."

அவர் போகும்போது வாசல்வரை மேவிஸ் கூடப் போனாள். அவ்வளவு நேரம் வாசலில் என்ன பேசினார்கள் என்று கட்டோங்கோ கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை. மரத்தடிக் கடமையை முடித்துக்கொண்டு திரும்பியபோது, தெருவின் திருப்பத்தில் கட்டோங்கோ நின்றுவிட்டார். ரோட்டில் இலை தழைத்த கிளை ஒன்று வெட்டிப் போட்டிருந்தது. சாவு வீடு இருக்கிறது, வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்பதற்கான அடையாளம். கிளை கிடந்தது அவர் வீட்டுக்கு நேராக. வாசலில் கட்டைகளைப் போட்டு நெருப்பு மூட்டியிருந்தார்கள். சுற்றிலும் புகைக்கு நடுவே தலை குனிந்தபடி ஆண்கள். உள்ளேயிருந்து, "மாயோ! மாயோ!" என்று அம்மாவைக் கூப்பிட்டுப் பெண்கள் அழும் குரல்.

காலையில் கிளம்பும்போது மேவிஸ் நன்றாகத்தான் இருந்தாள். அப்படியானால் நிடோலா. கசுபா. அவர் ஓடினார். இரும்பு முனை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஓடினார்.

வாசலில் சோபாவும் நாற்காலிகளும் கட்டிலும் கிடந்தன. சாவு வீட்டில் பெண்கள் தரையில்தான் உட்காருவார்கள். அதற்காக வீட்டைக் காலி செய்திருந்தார்கள்.  கட்டோங்கோ நெருப்பருகே ஒரு கட்டையில் விழுந்தாற்போல் உட்கார்ந்தார். பக்கத்தில் கடைசித் தெருக் கிழவர் ஒருவர், கண் சரியாகத் தெரியாதவர், எந்தச் சாவையும் தவறவிடாதவர், நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் சாவு வீட்டுக்குப் போகிறவன் யார் செத்தது என்று கேட்பதில்லை. அழுகை கேட்டால் போக வேண்டும், உட்கார வேண்டும், துக்கத்தில் பங்கெடுக்க வேண்டும். பெயர் தானாக வந்துசேரும். கேட்பது மரியாதையில்லை. கட்டோங்கோ மரியாதையைக் கைவிட்டார்.

"யாருங்க?" என்றார்.  மறுபடி கேட்டார்.

"கசுபாவோட அப்பான்னு பேசிக்கறாங்க" என்றார் கிழவர், நெருப்பைப் பார்த்தபடியே. "பாவம். வேலை போன ஏக்கம். நல்ல மனுஷன், பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

 கசுபா இல்லை, தான்தான் என்று தெரிந்தபோது கட்டோங்கோவுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகுதான் யோசிக்க முடிந்தது.

சுற்றிலும் பார்த்தார். காலனியே திரண்டிருந்தது. மரத்தடியைவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுபோன பழைய ஷிஃப்ட்காரர்கள், திருச்சபை தொடங்கினவர் உட்பட. தெருவில் எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்ளும் அண்டை வீட்டார். வேலை போனவன் வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று தெரியாமல் இத்தனை மாதம் வராதவர்கள், செத்தவன் வீட்டுக்குச் சரியாக வந்திருந்தார்கள். அதற்கு முறை தெரியும். சுவரோரம் மாவு மூட்டைகள், கரி மூட்டைகள், முட்டைக்கோஸ்கள், ஒரு பெரிய பொட்டலம் கபெண்டா கருவாடு. உயிரோடிருந்தபோது அந்த வீட்டு வாசலை இவ்வளவு சாப்பாடு மிதித்ததில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் நெருக்கியடித்துப் பெண்கள். நடுவில் மேவிஸ், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் அழுகை பொய்யில்லை. அந்த ஊரில் அழுவதற்கு ஆள் இல்லாத பெண் கிடையாது. கணவனுக்கோ பிள்ளைக்கோ தங்கைக்கோ பாக்கி வைத்திருந்த அழுகையை எந்தச் சாவு வீட்டிலும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போவார்கள். மேவிஸ் மட்டும்தான் சிரித்துக் குலுங்கினாள். மூடிய துணி விலகியபோது அவளும் அவரைப் பார்த்தாள். அப்போது அந்த முகத்தில் சிரிப்போடு வேறொன்றும் இருந்தது. இத்தனை மாதமாக அவர் எதிரில் அவள் அழாமல் வைத்திருந்தது.

யாரோ ஒரு பெண் அவரைப் பார்த்து அலறினாள். பிறகு எல்லோரும் அலறினார்கள். அடக்கப் பிரசங்கத்துக்கு வந்திருந்த பாஸ்டர் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பேய் இல்ல, பேய் இல்ல!" கொல்லைப்புறத்திலிருந்து ஜெரேயின் குரல் வந்தது. "மச்சான் சாகல! அவன் வேலை செத்துப்போச்சு! அடக்கம் இங்க நடக்குது, எல்லாரும் வாங்க!"

 முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. மச்சான்மார் செய்தது என்றால் கோபிக்க முடியாது, கோபித்தால் தெண்டம். தவிர, களி அடுப்பில் ஏறிவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கொல்லைப்புறம் போனார்கள்.

கொல்லையில் ஆளளவு நீளத்தில் ஒரு குழி. அதற்குள் ஜெரே கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். கரையில் இரண்டு அங்கோனிப் பெண்கள் வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, "ஐயோ, எங்க வெள்ளை ஹெல்மெட்டே! வெயிலுக்கும் மழைக்கும் எங்களைத் திட்டின ராசாவே!" என்று பாட்டாகப் பாடி மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

"வெளிய வாடா" என்றார் கட்டோங்கோ. 

"வரமாட்டேன். செத்துப்போச்சுன்னு உன் வாயால சொல்லு. ஹெல்மெட்டைப் பெட்டியில வை. அப்புறம் வரேன்."

"நான் ஓடி வந்தேன்டா. கசுபாவுக்கு என்னவோன்னு நெனச்சு ஓடி வந்தேன்."

குழிக்குள் ஜெரேயின் முகம் சற்று மாறியது. "அது தப்புதான் மச்சான்" என்றார் மெதுவாக. "அதுக்கு நான் தெண்டம் கட்டறேன். ஆனா எந்திரிக்க மாட்டேன்."

கூட்டம் பார்க்க நெருங்கியது. குழியின் விளிம்பில் பொலபொலவென்று மண் உதிர்ந்தது. அதைப் பார்த்ததும் கட்டோங்கோவுக்குள் ஏதோ தானாக இயங்கியது. ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் பின்னால போங்க!" சுரங்கக் கூண்டுக்கு எதிரே பேசிய அதே குரல். "குழிக்குள்ள ஆள் இருக்கறப்போ விளிம்புல யாரும் நிக்கக்கூடாது! மண்ணு ஈரமா இருக்கு, பக்கத்துல முட்டு இல்ல! பாஸ்டர், உங்களையும்தான்! ரெண்டு அடி பின்னால! யாரு இந்தக் குழியை வெட்டினது? ஏணி எங்க?"

கூட்டம் ஓரடி பின்னால் போனது. பாஸ்டர் இரண்டடி. ஒருகணம் கழித்து, பழைய ஷிஃப்ட்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றுவிட்டார்கள். பழக்கம்.

அந்த நேரத்தில்தான் லோம்பே அம்மா மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குள் வந்தாள். மார்க்கெட்டில் செய்தி கேட்டு மில்லை நிறுத்திவிட்டு வந்தவள். கட்டோங்கோவைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். குழிக்குள் படுத்திருப்பவர் கண் சிமிட்டுவதைப் பார்த்தாள். மூட்டையைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"கசுபா அப்பா, இந்த மூட்டையை நான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகமாட்டேன். சாவுக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா விளங்காது. ஒண்ணு, நீங்க செத்துப்போங்க. இல்ல, திங்கக்கிழமை மில்லுக்கு வாங்க."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தார் கட்டோங்கோ. அடங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் உள்பட்டையில் அவருடைய வியர்வை வருஷக்கணக்கில் ஊறிக் கறுத்திருந்தது. அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

"சொல்லு" என்றது குழி.

"செத்துப்போச்சு" என்றார் கட்டோங்கோ. யாருக்கும் கேட்கவில்லை. "செத்துப்போச்சுடா! எந்திரி, மண்ணு சரியுது!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற பழைய ஷிஃப்ட்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு எல்லோரும் கழற்றினார்கள். அது அவர் ஒருவருடைய வேலைக்கு மட்டும் நடந்த அடக்கம் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாஸ்டர், வேலையும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்று சொல்லிக்கொண்டு, தயார்செய்து வந்த பிரசங்கத்தை, பெயரை மட்டும் மாற்றி, முழுவதும் செய்தார்.

"வில்லை?" என்றார் மேலே ஏறிவந்த ஜெரே, கையை நீட்டி.

"அது மண்ணுக்குள்ள போகக்கூடாது. ஆணியில மாட்டவேண்டியது."

"என் மில்லுல ஆணி இருக்கு" என்றாள் லோம்பே அம்மா.

மாவும் கருவாடும் இரண்டு மாதத்துக்கு வந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுத்தால் விளங்காது. செத்ததில் தனக்கு இவ்வளவு லாபம் என்று தெரிந்திருந்தால் முன்பே செத்திருக்கலாம் என்று கட்டோங்கோ பிற்பாடு சொல்வதுண்டு.

திங்கட்கிழமை மில்லுக்குப் போனார். கதவுக்குப் பின்னால் தேங்காய்நார்க் கயிறு மாட்டியிருந்த ஆணியில், கயிற்றை எடுத்துவிட்டு வில்லையை மாட்டினார். பெல்ட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். மில் ஓடத் தொடங்கும் முன்பு தினமும் பெண்களை வரிசையாக நிறுத்திப் பேசினார்: இடுப்புத் துணியை இறுக்கிச் செருகுங்க, முதுகுக் குழந்தையை எறக்கிவிட்டு வாங்க, ஓடற மில்லுல கை விட்டா கை மாவோட வீட்டுக்கு வரும். முதல் வாரம் பெண்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் மூன்றாவது தெரு மில்லில் இருந்து திரும்பி வந்தார்கள். பேச்சைக் கேட்கவே வருகிறோம் என்றாள் ஒருத்தி. வீட்டில் இப்படி அக்கறையாகத் திட்ட ஆள் இல்லையாம். சாயங்காலம் கட்டோங்கோ தலைமுதல் கால்வரை வெள்ளையாக வீட்டுக்கு வருவார். "முன்ன ஹெல்மெட் மட்டும்தான் வெள்ளை" என்பாள் மேவிஸ். "பெரிய பதவி உயர்வு."

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் சுரங்கச் சங்கு ஊதியது. மார்க்கெட்டே எழுந்து நின்றது. சுரங்கத்தை யாரோ வாங்கிவிட்டார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு பறந்தது. கட்டோங்கோவின் கால்கள் அவரைக் கேட்காமலே மில் வாசல்வரை போயின. வரிசையில் பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றார். அப்புறம் திரும்பி வந்து, "யாரு கோட்டைத் தாண்டினது?" என்றார்.

சங்கைச் சும்மா சோதித்துப் பார்த்தார்களாம். ஆனால் அது தெரிவதற்குள் ஓடிப்போய் எல்லோருக்கும் முன்னால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஜெரே. விரித்த துணிகளை மழையில் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தார். கையில், எங்கேயோ போட்டுவிட்டதாகச் சொன்ன பித்தளை வில்லை.

நனைந்துபோய் மில் வாசலில் வந்து நின்றார். இருமினார். நெடுநேரம் இருமினார்.

"என்ன மச்சான்" என்றார் கட்டோங்கோ, "உனக்கு எப்போ குழி வெட்டணும்?"

"வெட்டறப்போ ஏணி வச்சு வெட்டு" என்றார் ஜெரே. வில்லையை நீட்டினார். அதே ஆணியில் அதையும் மாட்டினார் கட்டோங்கோ.

குழி வெட்டவேண்டிய நாள் அதற்கு அடுத்த குளிர்காலத்தில் வந்தது. சுரங்கத் தூசி ஜெரேயின் நெஞ்சுக்குள் கல்லாகிவிட்டது என்றார்கள். ரோட்டில் கிளை போட்டார்கள், வாசலில் நெருப்பு மூட்டினார்கள். இந்த முறை யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெம்பா மச்சான்மார் வந்து குவிந்தார்கள். அழுது காட்டினார்கள், சவப்பெட்டிக்குப் பழைய துணி விலை பேசினார்கள். கட்டோங்கோவால் ஒன்றும் முடியவில்லை. ஒரு வார்த்தை கேலி வாயில் வரவில்லை. இடுகாட்டில், பெட்டியை இறக்கும் நேரத்தில், ஜெரேயின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மச்சான் சும்மா நின்றால் செத்தவனுக்கு அவமானம்.

கட்டோங்கோ குழிக்குள் இறங்கினார். படுக்கவில்லை. நான்கு பக்கமும் மண்ணைத் தட்டிப் பார்த்தார், மூலைகளைக் காலால் அழுத்திப் பார்த்தார்.  சட்டைப்பையிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துப் பெட்டிமேல் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"இந்த ஆள் ஒருநாளும் மாஸ்க் போட்டதில்ல" என்றார் உரக்க, கூண்டுக்கு எதிரே பேசும் குரலில். "அதுக்கு நான் எழுதிக் குடுத்திருக்கேன். மத்தபடி, குழியை நான் சோதிச்சுட்டேன். மண்ணு உறுதியா இருக்கு. விளிம்புல நிக்கறவங்க ரெண்டடி பின்னால போங்க."

ஜெரேயின் மனைவிதான் முதலில் சிரித்தாள், அழுதுகொண்டே. கட்டோங்கோ கையை நீட்டினார். மேலே இருந்தவர்கள் அவரைத் தூக்கிவிட்டார்கள். பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"இறக்குங்க" என்றார். "மெதுவா."